வலப்பக்கத்துச் சுழி

மாப்பிள்ளையின் தலையைக் கழுவித் துவட்டி, கழுத்தைச் சுற்றிக் கறுப்புத் துணியைக் கட்டிய பிறகுதான் முர்ஷித் வழக்கமான கேள்வியைக் கேட்டான்.

"எப்புடி வெட்டுவம் நானா?"

மாப்பிள்ளைக்கு அஹ்ஸன் என்று பெயர். கமநல அலுவலகத்தில் வேலை. வயல் வயலாக வெயிலில் திரிந்து கறுத்த முகம், ஆயுசு முழுக்க எண்ணெய் வைத்துப் படியவைத்த தலை. அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவருக்கு நிக்காஹ். கல்முனைப் பிரதான வீதியில் இந்தக் கடைதான் தலையைப் புசுபுசுவென்று எழுப்பிவிடும் என்று சொல்லி, மச்சான் றாஸிக்தான் கூட்டிவந்திருந்தான். அவன் கைபேசியை முர்ஷிதின் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"இந்தா பாருங்க. இது கோழிக்கொண்டையாம், வேணாமாம். இது வைக்கல் கும்பமாம், வேணாமாம். விடியத்தொட்டு ஊர்ப்பட்ட தலையெல்லாம் காட்டிட்டன். மாப்புள ஒண்டுக்கும் மசியிறார் இல்ல."

"எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல தம்பி," என்றார் அஹ்ஸன் கண்ணாடிக்குள் இருந்த முர்ஷிதைப் பார்த்து. "நான் தேங்கெண்ண வெச்சி இழுக்கிற ஆள். ஆனா பொம்புள ஒண்டு செல்லி அனுப்பியிரிக்கா. என்ட தங்கச்சிட போன்ல."

"அப்ப அதச் செல்லுங்க."

"முன்பக்கம் நல்லா எழும்பி நிக்கணுமாம். வகிடு இடப்பக்கம். காதுக்கு மேல வெள்ள தெரிய ஒட்ட வழிக்கப்படாதாம். மறுகா..." சின்னப்பிள்ளை பாடம் ஒப்புவிக்கிற மாதிரி விரல் மடக்கினார். "சீப்பு வெக்கப்படாதாம். கைவிரலால கோதி வலப்பக்கம் சரிய விடணுமாம். பைக்ல வந்து இறங்கின மாதிரி இரிக்கணுமெண்டா."

"பாத்தியளா!" றாஸிக் தொடையில் தட்டிச் சிரித்தான். "தலைக்குள்ள என்ன இரிக்கெண்டு கேக்கல்ல, தலைக்கு மேல என்ன இரிக்கணுமெண்டு கேட்டிரிக்கா. மாப்புள தப்பிட்டார்."

முர்ஷிதின் விரல்கள் ஈரத்தலையில் அப்படியே நின்றுவிட்டன.

பக்கத்து நாற்காலியில் ஒருவருக்குத் தாடி ஒதுக்கிக்கொண்டிருந்த டெனிஸ்ரன், எல்லா மாப்பிள்ளைகளிடமும் கேட்கிற மாதிரி, "பொம்புள எந்த ஊர்?" என்று கேட்டான்.

"சம்மாந்துறை. அரிசி மில் அபுல் ஹஸன் ஹாஜியார்ட மூத்த மகள்," என்றான் றாஸிக்.

டெனிஸ்ரனின் டிரிம்மர் தாடியை விட்டு விலகி வெறும் காற்றில் இரைந்தது.

முர்ஷிதுக்கும் ஒருகாலம் தலை நிறைய முடி இருந்தது. கட்டாரில் தொழில் படித்துவிட்டு வந்த புதிது. மருதமுனையிலிருந்து கடற்கரை வீதியால் பைக்கில் வருவான். இடப்புறம் கடல். அந்தக் காற்று அவன் முடியை வேரோடு தூக்கி வலப்பக்கம் எறிந்துவிடும். கடை வாசலில் இறங்கி முதல் வேலையாகச் சீப்பை எடுப்பான். எதிர்மாடியில் கணினி வகுப்புக்கு வருகிற பிள்ளைகளில் ஒருத்தி அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அஸ்பியா. பழக்கம் வந்து, போனில் கதைக்கத் தொடங்கி, பயம் தெளிந்த ஒருநாள் சொன்னாள்: "சீப்பு வெக்காதீங்க. காத்து வெச்ச மாதிரியே இரிக்கட்டும்." அன்றிலிருந்து அவன் தன் தலைக்குச் சீப்பு வைக்கவில்லை. காற்றில்லாத நாட்களிலும் இடப்பக்கம் வகிடு எடுத்து, ட்ரையர் பிடித்து, விரலால் கோதி, காற்று செய்கிற வேலையைத் தானே செய்துகொண்டான்.

அவனுடைய உம்மா, சல்மா உம்மா, நல்ல சாரி உடுத்திக்கொண்டு சம்மாந்துறைக்குப் பெண் கேட்டுப் போனா. ஹாஜியார் கோபப்படவில்லை. தேத்தண்ணி கொடுத்தார், வட்டிலப்பம் கொடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கோவிச்சிக்காதீங்க ராத்தா. ஊர்ல கண்டவன்ட தலமயிர் அள்ளுற கைக்கு நான் எப்புடி ஊடும் காணியும் எழுதிக் குடுக்கிற?" உம்மா திரும்பி வந்து இதைச் சொல்லிவிட்டு மகனின் முகத்தைப் பார்க்காமல் குசினிக்குள் போய்விட்டா. வாப்பாவை மீறி வர அஸ்பியாவுக்குத் துணிவில்லை. வா என்று கூப்பிட முர்ஷிதுக்கும் வாய் வரவில்லை. மறுநாள் அவன் கடையில் தன் நாற்காலியில் தானே உட்கார்ந்து, டெனிஸ்ரன் பார்த்திருக்க, மெஷினை நெற்றியிலிருந்து பிடரி வரை ஓட்டினான். அறுவடை முடிந்த வயல் மாதிரித் தலை. கேட்டவர்களுக்கெல்லாம் "சூட்டுக்கு" என்றான். அதற்குப் பிறகு வளரவிடவே இல்லை.

"முர்ஷித்," டெனிஸ்ரன் கூப்பிட்டான். "நீ போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வா. இவர நான் பாக்கிறன்."

"வேணா. நானே வெட்டுறன்."

வெட்டினான். பக்கங்களை ஒட்ட வழிக்காமல் கத்தரியால் இறக்கினான். மேலே நீளம் விட்டு, கனத்தை மட்டும் எடுத்தான். அவள் மறக்கவில்லை என்ற நினைப்பு நெஞ்சுக்குள் சர்க்கரையாகக் கரைந்தது. கரைந்த அதே வேகத்தில் வெட்கமும் வந்தது. மறக்காமல்தான் கேட்டாளா, அல்லது அந்த வடிவம் பிடித்துப்போய் யாருடையது என்பது மறந்துவிட்டதா? யாரிடம் போய்க் கேட்பது? ட்ரையரைப் பிடித்து, வேரிலிருந்து விரலால் தூக்கித் தூக்கிக் காயவைத்தான். எண்ணெயில் அமுங்கிக் கிடந்த அந்த முடி இவ்வளவு அடர்த்தியென்று அந்த மனிதருக்கே தெரிந்திராது. இடப்பக்கம் வகிடு. வலப்பக்கம் சரிவு. நிமிர்ந்து பார்த்தான். கண்ணாடிக்குள் தன்னுடைய தலை, இன்னொருவருடைய முகத்துக்கு மேல் இருந்தது.

"மாஷா அல்லாஹ்," என்றான் றாஸிக். முதன்முறையாகப் பகிடி இல்லாமல்.

அஹ்ஸன் கண்ணாடிக்குள் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு, "தம்பி, அவவுக்குப் புடிக்குமா?" என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவ என்னோட கனக்கக் கதைக்கிற இல்ல. கேட்டதுக்கு ஓம் இல்லயெண்டு செல்லுவா, அவ்வளவுதான். வாய் தொறந்து என்னட்ட கேட்டது இது ஒண்டுதான்."

முர்ஷித் ட்ரையரை அணைத்தான்.

இந்த மனிதர் இனி ஒவ்வொரு காலையும் கண்ணாடிக்கு முன்னால் நின்று, பெண்டாட்டி சந்தோசப்படட்டும் என்று, கண்டிராத ஒருவனின் தலையைத் தன் தலையில் கட்டிக்கொள்ளப் போகிறார். அவள் இவரைப் பார்க்கிற நேரமெல்லாம் யாரைப் பார்ப்பாள்? அதை நினைக்க முர்ஷிதுக்கு ஆசையாக இருந்தது. அந்த ஆசைதான் அவனைப் பயமுறுத்தியது. அவள் கேட்ட ஒன்றே ஒன்றையும் கொடுக்காமல் விடுவதா? கொடுத்துவிட்டு இந்த அப்பாவியின் கையைப் பிடித்து எப்படி ஸலாம் சொல்வது?

உச்சியில் விரலை வைத்தான். சுழி வலப்பக்கம் இருந்தது. பவுடரும் ஸ்பிரேயும் ட்ரையர் சூடும் இருந்தால் வெல்லமுடியாத சுழி கிடையாது. எத்தனையோ தலைகளில் வென்றிருக்கிறான்.

தண்ணீர்ப் போத்தலை எடுத்தான். எழுந்து நின்ற முடி முழுவதையும் நனைத்து விழுத்தினான்.

"யா அல்லாஹ், என்ன நானா இது?" றாஸிக் துள்ளி எழுந்தான்.

"சரிவராது. சுழி வலப்பக்கம் இரிக்கி. இடப்பக்கம் வகிடு எடுத்தா இப்ப நிக்கும். நிக்காஹ்வுக்குத் தொப்பி போடுவாரா இல்லயா? தொப்பியக் கழட்டிட்டு பொம்புளக்கிட்ட போகக்குள்ள தல தோசக்கல்லாட்டம் கிடக்கும்."

"தொப்பி!" றாஸிக் தலையில் கைவைத்தான். "அத மறந்திட்டமே மச்சான்."

"வாற மாப்புளமார் எல்லாரும் அத மறந்திட்டுத்தான் வாற," என்றான் டெனிஸ்ரன். அவன் முர்ஷிதின் முகத்தையே பார்த்தான். பிறகு அவனுக்கு மட்டும் கேட்க, "நிக்கும்தானே?" என்றான்.

"நிக்கும்," என்றான் முர்ஷித், கண்ணாடியைப் பார்க்காமல்.

"அவ இடப்பக்கமெண்டுதானே செல்லினா தம்பி," அஹ்ஸன் தயங்கினார்.

"செல்லுங்க நானா, சுழி விடல்லயெண்டு." அவர் தோளில் விழுந்திருந்த ஈரத்தைத் துடைத்துவிட்டான். "இது ஒங்கட தல. ஒங்கட தலைக்கு ஏத்தமாதிரி நான் வெச்சித் தாறன். இஞ்சால கிறுகுங்க."

அவர் திரும்பியதும் வலப்பக்கம் வகிடு எடுத்தான். முடி தன் வழி கிடைத்த வாய்க்கால் தண்ணீர் போலத் தானாகவே எழுந்து இடப்பக்கம் சரிந்தது. நெற்றி அகலமாகி, கறுத்த முகத்துக்கு ஒரு களை வந்தது. அது அஹ்ஸன்தான். வேறு யாரும் இல்லை. பார்த்த முர்ஷிதுக்கு, செத்தவரின் மையத்தைக் கழுவி முடித்தவனைப் போலக் கைகள் ஓய்ந்துபோயின.

"தொப்பியக் கழட்டினதும் தலையக் குனிஞ்சி, விரலால ஒருக்கா ஒதறி விடுங்க. எழும்பிரும். சீப்பு மட்டும் வெக்காதீங்க."

"நீங்களும் பின்னேரம் சாப்பாட்டுக்கு வாங்க தம்பி." அஹ்ஸன் இரண்டு கையாலும் அவன் கையைப் பொத்திப் பிடித்தார். "இந்தத் தலைய வெச்சவர் ஆரெண்டு அவவுக்குக் காட்டணும்."

"இன்ஷா அல்லாஹ்," என்றான் முர்ஷித். "அல்லாஹ் பறக்கத் செய்வான்."

அவர்கள் இறங்கித் தெற்கே நடந்தார்கள். கார் சற்றுத் தள்ளி நின்றது. கறுப்புத் துணியைக் கையில் பிடித்தபடி முர்ஷித் வாசலில் நின்றான். துணியிலிருந்து வெட்டிய முடி அவன் காலில் கொட்டிக்கொண்டிருந்தது. கடற்கரைக்குப் போகிற ஒழுங்கையின் வாயை அவர்கள் கடந்தபோது, இடப்புறமிருந்து காற்று வந்தது. மாப்பிள்ளையின் முடியை வேரோடு தூக்கி, வலப்பக்கம் எறிந்தது.

அவருக்குத் தெரியவில்லை. சிரித்துக்கொண்டே காருக்குள் ஏறினார். "கண்ணாடிய ஏத்துங்க மச்சான், தல கலையும்!" என்று றாஸிக் கத்துவது கேட்டது. அவர் ஏற்றவில்லை. சம்மாந்துறைக்குப் போகிற அந்தக் கார் பிரதான வீதியில் சிறுத்துச் சிறுத்துப் போக, ஜன்னலோரத்தில் அந்த முடி காற்றில் எழும்பியபடியே இருந்தது. முர்ஷிதின் கை தன்னையறியாமல் தன் தலைக்குப் போய், கோதுவதற்கு ஒன்றுமில்லாமல் அங்கேயே நின்றது.