கையில் வாங்கிய பல்

விருந்தாளிகள் வரவிருந்த நாளன்று காலையில் ஆதி உனைசியின் காலுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். சர்க்கரைப் புண், ஆறு வாரமாக ஆறவில்லை. அவர் எங்கள் தீவின் தலைவி. நான் இங்கே நர்ஸ். புண்ணைத் தவிர வேறு எதையும் நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

அன்று அவர் கேட்டார். "வெளிநாட்டுக்குப் போறவங்க பட்டியல்ல பெனாயா பேர் இருக்கே. உனக்குச் சம்மதமா?"

பெனாயா என் கணவர். நான் பஞ்சை மடித்தேன்.

"அவர் போகக் கூடாது, மராமா."

தலைவியை நாங்கள் அப்படித்தான் அழைப்போம். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

போர் எங்களுடையது அல்ல. ஒரு பெரிய நாடு மூன்று வருடங்களுக்கு முன்பு தொடங்கியது. ஆறு மாதத்தில் முடிந்துவிடும் என்றார்கள். அவர்கள் ஊரிலேயே தெருத் தெருவாக எதிர்ப்பு. கூட வந்த நாடுகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. இப்போது ஐ.நா.விடம் உதவி கேட்கிறார்கள், எங்கள் ஃபிஜி போன்ற சின்ன நாடுகளிடம் ஆள் கேட்கிறார்கள். சண்டைக்கு அல்ல, காவலுக்கு என்கிறார்கள். ஊர்கள் சம்மதித்தால் அனுப்பலாம் என்று தலைநகர் சுவாவில் எங்கள் அரசு சொல்லிவிட்டது.

எங்கள் தீவிலிருந்து பத்துப் பேர். பெனாயா முன்பு லெபனானில் ஒரு வருடம் காவல் நின்றவர். போன புயலில் எங்கள் கூரை பறந்துவிட்டது, இன்னும் தார்ப்பாய்தான். "ஒரே வருஷம். தகரம் போட்டுடலாம்," என்று பெயர் கொடுத்துவிட்டார்.

இங்கே சம்மதம் காகிதத்தில் கேட்கப்படுவதில்லை. கேட்க வருபவர் கயிறு கட்டிய திமிங்கலப் பல்லை ஏந்தி வருவார். தலைவியின் பேச்சாளர் அதைக் கையில் வாங்கி, "தொட்டேன்" என்று சொல்லிவிட்டால் கேட்டதைக் கொடுத்தாக வேண்டும். அதனால் ஆதி உனைசி காலையிலேயே பேச்சாளர் அபெனிசா மாமாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"நான் தலையாட்டாம வாங்கிடாதீங்க."

"முப்பது வருஷமா வாங்கறேன், மராமா. எனக்குத் தெரியாதா?"

மதியம் படகு வந்தது. எங்கள் ராணுவத்துக் கர்னல் மனாசா முதலில் இறங்கினார். அவர் பின்னால் போர் தொடங்கிய நாட்டுத் தூதரகத்துக்காரர், நெட்டையான மனிதர், எங்கள் ஆண்களைப் போலவே இடுப்பில் சுலு வேட்டி கட்டிக்கொண்டு. கர்னலின் தீவும் எங்கள் தீவும் மாமன் மச்சான் மாதிரி முறைத் தீவுகள். எவ்வளவு கேலி பேசினாலும் கோபிக்கக் கூடாது.

"இந்த ஊர்ல விருந்தாளிக்குச் சோறு போடறீங்களா, இல்ல இன்னும் தேங்காயை மோந்து பாத்துட்டுப் போன்னுதானா?" என்றார் கர்னல்.

"வேற ஊர்க்காரனுக்குச் சோறு போடுவோம். உங்க ஆளுங்களுக்கு மீனைக் காட்டினா வலையையும் சேத்துத் தின்னுடறீங்களே," என்றார் மாமா.

தூதரகத்துக்காரர் சிரிக்கலாமா என்று கர்னலின் முகத்தைப் பார்த்தார்.

சபைக்கூடத்தில் பாய் விரித்திருந்தோம். யங்கோனா வேரைக் கரைத்து முதல் சுற்றுக் கொடுத்தார்கள். பிறகு தூதரகத்துக்காரரே பல்லை ஏந்தி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். வழக்கமாக வெளிநாட்டுக்காரர்களுக்காக யாராவது பேசுவார்கள். இவர் தானே பேசினார், எங்கள் மொழியில், மெதுவாக.

"எங்க நாடு கஷ்டத்துல இருக்கு. தனியா எங்களால முடியல. உங்க ஆளுங்க பத்துப் பேரைக் கேட்டு வந்திருக்கேன்."

அவ்வளவுதான். ஒரு சொல் கூடப் பிசகவில்லை. கூடம் முழுவதும் உள்ளங்கையைக் குவித்துத் தட்டியது. பல் பெரியது, எண்ணெய் ஏறிக் கறுத்த பழைய பல். மாமாவின் கைகள் தாமாகவே நீண்டன. வாங்கினார், முகர்ந்தார், "தொட்டேன், இந்தப் பெரும் பல்லை..." என்று தொடங்கி, நிறுத்தினார். தலைவியைப் பார்த்தார்.

அவர் தலையாட்டவில்லை.

கர்னலுக்குப் புரிந்துவிட்டது, குனிந்துகொண்டார். தூதரகத்துக்காரர் காரியம் முடிந்தது என்று புன்னகைத்தார். நான் கதவோரம் பெண்களோடு இருந்தேன். மூன்றாவது வரிசையில் பெனாயாவின் தோள்கள் தளர்ந்து இறங்கியதைப் பார்த்தேன். அவருக்கு நிம்மதி. இனி போவது உறுதி என்று நினைத்திருப்பார்.

"ஒண்ணு கேக்கறேன்," என்றார் ஆதி உனைசி. "சண்டைக்குப் போறப்ப யாரைக் கேட்டுப் போனீங்க?"

தூதரகத்துக்காரர் நேராகவே சொன்னார். "யாரையும் கேக்கல. என் சம்சாரமே வேண்டாம்னுதான் ஊர்வலம் போனா."

"வீட்லயும் கேக்கலையா? நம்ம ஆளுதான்," என்று பின்வரிசையில் ஒரு குரல். பெண்கள் பக்கம் சிரிப்பு.

தலைவி சிரிக்கவில்லை. "உண்மையைச் சொன்னீங்க. நல்லது," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "என் பெட்டியில நீலத் துணி இருக்கும். எடுத்துட்டு வா."

அதில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஊரிடம் இருந்த பற்கள் கல்யாணத்துக்கும் சாவுக்கும் என்று போய்விட்டன. மீந்தது அந்த ஒன்றுதான். தான் இறந்தால் உடலோடு வைக்க அவர் எடுத்துவைத்தது. அதைக் கொண்டுவந்து கொடுத்தபோது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

அவர் இரண்டு பற்களையும் சேர்த்து வைத்தார்.

"வாங்கினதை வாங்கலைன்னு சொல்ல முடியாது. அதனால எங்களோடதையும் சேத்துத் திருப்பித் தர்றேன். இந்தப் பத்துப் பேரை மட்டும் கேக்காதீங்க."

கர்னல் தாழ்ந்த குரலில் விளக்கினார். தூதரகத்துக்காரர் அந்தச் சின்னப் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை நான் வாங்கித்தான் ஆகணுமா?"

"ஆகணும். வாங்கலைன்னா அவங்களுக்கு அவமானம்."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மாமா தலை நிமிரவே இல்லை. "விடுங்க, பழகின கை," என்றார் தலைவி.

படகடியில் கர்னல் பெனாயாவைத் தனியே அழைத்தார். இந்தத் தடவை கேலி இல்லை. "திங்கக்கிழமை சுவாவுல முகாம். ஊர் தரலைன்னாலும், தானா வர்றவனை நான் திருப்பி அனுப்ப மாட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் பெனாயா கேட்டார். "மராமாகிட்ட ஏதாவது சொன்னியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "சொன்னேன். நீங்க போகக் கூடாதுன்னு."

"எங்கிட்டல்ல சொல்லியிருக்கணும்."

"நீங்க பேர் கொடுத்துட்டு வந்துதானே எங்கிட்ட சொன்னீங்க."

அவர் தார்ப்பாயின் கயிற்றை இறுக்கப் போனார். இரண்டு நாள் எங்களுக்குள் சாப்பாட்டுப் பேச்சு மட்டும்தான்.

திங்கட்கிழமை விடிந்தபோது அவர் பாயில் இல்லை. சுவா போகும் படகு ஏழு மணிக்கு. நான் படகடிக்குப் போகவில்லை. போய்ப் பார்த்து என்ன செய்வது? தண்ணீர் எடுக்கப் பின்பக்கம் போனேன்.

அவர் மேட்டில் நின்று யங்கோனாச் செடிகளை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தார். பட்டியலில் இருந்த இன்னும் இரண்டு பேர் கூட இருந்தார்கள். செடிக்கு இரண்டு வயதுதான். விற்கிற பக்குவத்துக்கு இன்னும் இரண்டு வருடம் போக வேண்டும்.

"இதுல வேரே இல்லையே," என்றேன்.

"இல்லதான். பத்து வீட்லயும் பிடுங்கறோம். வித்தா சுவாவுல ஒரு பல்லாவது வாங்கலாம்." மண்ணை உதறினார். "எங்களுக்காகத்தானே மராமா வெறும் கையா இருக்காங்க."

"அப்ப கூரை?"

"பாப்போம்."

கீழே படகு கிளம்பும் சத்தம் கேட்டது. அவர் நிமிர்ந்து அது கடற்பாறையைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அந்தக் கூடையை இப்படித் தள்ளு," என்றார்.