வராதவர்கள் வரிசை

அந்த நாட்டு விமான நிலையத்தில் முதல் முறை வருகிறவர்களுக்குத் தனி வரிசை. மேலே தொங்கிய பலகையில் ‘வராதவர்கள்’ என்று எழுதியிருந்தது. நான் அதில் நின்றேன். எனக்கு முன்னால் யாரும் இல்லை. ஆனாலும் இரண்டு மணி நேரம் ஆனது.

கவுண்டருக்குப் பின்னால் கண்ணாடிச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் ஒருவர் என் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாகஜோதி. எழுத்துகள் பெரிதாக, நன்றாக இருந்தன. கம்பெனி அனுப்பிய ஆள். இன்னொரு கையில் பேப்பர் கப்பில் டீ வைத்திருந்தார்.

வேலை உத்தரவின் ஏழாவது பக்கத்தில் தெளிவாகவே போட்டிருந்தார்கள். டீ தீரும்வரை காத்திருப்பார். தீர்ந்ததும் என் பெயரை அழித்துவிட்டு வேறு பெயர் எழுதிக்கொள்வார். வேலை அந்தப் பெயருக்குப் போய்விடும். ஐந்து சுற்று இன்டர்வியூ முடித்து வாங்கிய வேலை.

அவர் சின்னச் சின்ன மடக்காகக் குடித்தார். நல்ல மனிதர்.

கவுண்டரில் இருந்த அம்மா என் பாஸ்போர்ட்டை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். பிறகு கடைசியிலிருந்து முதல்வரை.

“எல்லாப் பக்கமும் காலியா இருக்கே.”

“முதல் தடவைங்க.”

“போன தடவை போட்ட முத்திரை இருந்தாத்தான் இந்தத் தடவை முத்திரை போட முடியும்.”

“போன தடவை எதைப் பாத்துப் போடுவீங்க?”

“அதுக்கு முந்தின தடவை போட்டத.”

இவர்கள் எல்லோரும் தமிழிலேயே பேசினார்கள். இங்கே வந்து பேசுவதற்காக நான் ஆறு மாதம் இங்கிலீஷ் கோச்சிங் போயிருந்தேன். அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

“அப்படின்னா முதல் வருகையாளர் சான்றிதழ் கொண்டா” என்றார் அந்த அம்மா. “உங்க வம்சத்துல உனக்கு முன்னாடி யாரும் இங்க வரலைன்னு.”

“அத யாரு குடுப்பா?”

“உங்க ஊரு வி.ஏ.ஓ.”

“எங்க ஊரு கடலுக்கு அந்தப் பக்கம் இருக்குங்க.”

“பதினாலாம் கவுண்டர்ல இருக்காரு.”

பதின்மூன்றாம் கவுண்டருக்கும் பதினான்காம் கவுண்டருக்கும் நடுவில் ஒரு நகரும் நடைபாதை. முதல் முறை வருகிறவர்களுக்கு அது பின்னோக்கி நகர்ந்தது. நான் ஓடினேன். ஓடியும் ஒரே தூணின் பக்கத்திலேயே இருந்தேன்.

பக்கத்தில் ஒரு கோட்டு போட்ட மனிதர் நிதானமாக நடந்து போனார். அவருக்கான தரையில் காலடித் தடங்கள் பதிந்திருந்தன. அவருடைய தாத்தா வந்த தடம். அதன்மேல் அவர் அப்பா வந்த தடம். அவர் அதிலேயே கால் வைத்து நடந்தார். அவருடைய பெட்டிகூட தானாகப் பின்னால் வந்தது.

“ஓடக் கூடாதும்மா இங்க” என்றார் என்னிடம். “இதெல்லாம் வீட்ல சொல்லித் தர மாட்டாங்களா?”

நான் அவரைத் திட்டினேன். கோச்சிங்கில் கற்ற இங்கிலீஷில் திட்டினேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். கண்ணாடிக் கதவு அவரைப் பார்த்ததும் திறந்தது.

நடைபாதையின் கைப்பிடியைத் தாண்டிக் குதித்து, ஓரமாகவே நடந்து போய்ச் சேர்ந்தேன். பதினான்காம் கவுண்டரில் எங்கள் வி.ஏ.ஓ.தான் இருந்தார். அதே பிளாஸ்டிக் நாற்காலி, அதன் முதுகில் அதே துண்டு.

“சடையன் பொண்ணுதான நீ? அன்னிக்கு நான் எழுதிக் குடுத்த ரிப்போர்ட்டுலதான காலேஜே சேந்த.”

அது உண்மை. முதல் பட்டதாரி சான்றிதழ். எங்கள் வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்று அப்பா எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. மைப் பெட்டியை நீட்டினார்கள். அப்பா பெருவிரலை மடக்கிக்கொண்டு, அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த ஒரு வாரம் மார்க்கெட்டில் மூட்டை இறக்கிவிட்டு வந்து, ராத்திரி எல்லாம் என் நோட்டில் தன் பெயரை எழுதிப் பழகினார். தான் படிக்கவில்லை என்ற தாளில் கையெழுத்துப் போடுவதற்காகத்தான் என் அப்பா எழுதக் கற்றுக்கொண்டார்.

“அதே மாதிரிதான் இதுவும்” என்றார் வி.ஏ.ஓ. “உங்கப்பா வரலைன்னு உங்கப்பா எழுதிக் குடுக்கணும்.”

“சரி, ஊருக்குப் போன் பண்றேன்.”

“போன்லாம் செல்லாது. வராதவர் நேர்ல வந்து, வரலைன்னு சொல்லணும்.”

“நேர்ல வந்தா வந்ததா ஆயிடாதா சார்?”

“படிச்ச புள்ளைங்களோட இதான் தொல்லை. மூணாம் நம்பர் பெல்ட்டுல பாரு, போ.”

மூன்றாம் நம்பர் பெல்ட் சுற்றிக்கொண்டிருந்தது. என் பெட்டி வரவில்லை. ரப்பர் திரையை விலக்கிக்கொண்டு அப்பா வந்தார். குத்த வைத்து உட்கார்ந்திருந்தார். தலையில் சும்மாட்டுத் துண்டு. மணிக்கட்டில் ஒரு சீட்டு. முதுகில் ‘கனமானது’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள்.

மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது. பெல்ட் வளைந்து கோட்டை நெருங்கும் இடம் ஒரு முழம்தான்.

“பாப்பா, இந்த பெல்ட்டு நம்ம மார்க்கெட்டுல இருந்திருந்தா என் முதுகு…” என்றார். போய்விட்டார்.

அடுத்த சுற்றில் தாளையும் பேனாவையும் நீட்டினேன். ‘ச’ போட்டார்.

“சாப்பிட்டியா?”

“இல்லப்பா.”

“ஏன்…”

ரப்பர் திரை மூடியது. அடுத்த சுற்றில் ‘டை’.

“…ஏன் சாப்பிடல? பிளேன்ல சோறு போடலையா?”

அதற்கடுத்து ‘ய’. அதற்கடுத்து ‘ன’. புள்ளி வைக்க மறந்துவிட்டார். அதற்கு ஒரு சுற்று. திரும்பிப் பார்த்தேன். அட்டைக்காரரின் கப்பில் பாதி டீகூட இல்லை.

வி.ஏ.ஓ. தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“கையெழுத்து சரி. ஆனா இத இங்க வச்சுப் போட்டிருக்காரு. அப்ப வந்துட்டாரு. வந்துட்டு வரலைன்னு எழுதுனா பொய்யில்ல?”

“நீங்கதான வரச் சொன்னீங்க!”

“அதான் நானும் சொல்றேன், வந்துட்டாருன்னு.”

மேஜையில் அடித்தேன். “அவரு கால் இன்னும் தரையில படல சார். பெல்ட்டுலதான் இருக்காரு. எட்டிப் பாருங்க.”

அவர் எட்டிப் பார்த்தார். ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். முகம் மலர்ந்தது.

“கெட்டிக்காரி. கால் தரையில படாத வரைக்கும் அவரு சரக்குதான், ஆள் இல்ல. சான்றிதழ் செல்லும்.” ஓங்கி முத்திரை குத்தினார். “ஆனா எறங்கிட்டாருன்னா செல்லாது. நீ இந்த நாட்டுல இருக்கிற வரைக்கும் அவரு சுத்திக்கிட்டே இருக்கணும்.”

“எறங்கிட்டா?”

“அவரு முதல் ஆளு, நீ ரெண்டாவது. ரெண்டாவது ஆளுக்கு ஒரு தாளும் வேணாம், போயிட்டே இருக்கலாம். ஆனா அவர விட மாட்டோம். அவருக்குச் சான்றிதழ் வேணும்ல? அதுக்கு அவங்கப்பன் வரணும்.”

சான்றிதழை வாங்கிக்கொண்டு பெல்ட்டுக்கு வந்தேன். அதில் என் பெயர் இருந்தது. முத்திரையின் மை கையில் ஒட்டியது. அப்பா வந்தார். விஷயத்தைச் சொல்ல மூன்று சுற்று ஆனது.

“அவ்வளவுதான?” என்றார். “நீ போ பாப்பா. நான் சுத்திக்கிட்டுக் கெடக்கேன். தூக்கறதுக்கு ஒண்ணுமில்ல, உக்காந்த எடத்துல…”

திரை மூடியது. அவர் முதுகில் ‘கனமானது’ கடைசியாகத் தெரிந்தது.

எனக்கு அந்த அளவுக்குக் கோபம் அதுவரை வந்ததில்லை. முப்பத்திரண்டு வருஷம் மூட்டை தூக்கியவரை மூட்டையாக்கி, அதற்கு என்னையே சாட்சியாக்கியிருக்கிறார்கள். நானும் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

சான்றிதழைக் கிழித்தேன். மஞ்சள் கோட்டைத் தாண்டினேன். மணி அடித்தது. அடிக்கட்டும்.

“எறங்குப்பா.”

“வேணாம் பாப்பா, உன் வேலை…”

“எறங்குன்னா எறங்கு!”

இரண்டு கக்கத்திலும் கைகொடுத்து இறக்கினேன். தரையில் கால் பட்டதும் தடம் பதிந்தது. விரல்கள் அகன்ற, வெடித்த குதிகாலோடு, பெரிய தடம். அப்பா பயந்து காலைத் தூக்கிப் பார்த்தார். தடம் போகவில்லை.

“தரைய அழுக்காக்கிட்டேனே.”

“நட. கதவு வரைக்கும் நட.”

பாரத்தோடு நடப்பதுபோலவே நடந்தார், குனிந்து, குதிகால் ஊன்றி. நான் அவர் தடத்தில் கால் வைத்து நடந்தேன். என் காலுக்கு அது மிகவும் பெரிது. கவுண்டர் அம்மா தரையை மட்டும் பார்த்தார். பாஸ்போர்ட்டைக் கேட்கவேயில்லை.

“ரெண்டாவதா? போ போ.”

கதவு எனக்குத் திறந்தது. அப்பாவுக்குக் குறுக்கே ஒரு கம்பி இறங்கியது.

பின்னால் ரப்பர் திரை விலகியது. முதலில் இரண்டு பாதங்கள் வந்தன. விரல்கள் அகன்று, குதிகால் வெடித்து. நான் பிறப்பதற்கு முன்பே செத்துப்போனவரின் பாதங்கள்.

“எங்கப்பன் மாதிரி இருக்கு” என்றார் அப்பா. “அவருக்குக் கையெழுத்துத் தெரியாது. நாலெழுத்துப் பழக்கிவிட்டா போட்டுருவாரு. நீ போ.”

வெளியே வந்தேன். அட்டைக்காரர் கடைசி மடக்கைக் குடித்துவிட்டு, அழிப்பதற்காக ஒரு துணியை எடுத்தார்.

“அழிக்காதீங்க. நான்தான் நாகஜோதி.”

“ரொம்ப சரியான நேரம்” என்றார். “வாங்க போலாம்.”

“போக முடியாது. இன்னும் ஆள் வரணும். அவங்க பேரையும் எழுதுங்க.”

“எத்தன பேரு?”

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அப்பா பெல்ட்டுக்குப் பக்கத்தில் பேனாவோடு நின்றார். தாத்தாவுக்குப் பின்னால் திரை மறுபடியும் அசைந்தது. யாருடையதோ முழங்கால் தெரிந்தது.

“தெரியாது. பெல்ட் இன்னும் நிக்கல.”

“கம்பெனி விதி ஒண்ணு இருக்கேம்மா. டீ தீந்துபோச்சே” என்று காலிக் கப்பைக் கவிழ்த்துக் காட்டினார். “இனி நிக்கணும்னா இன்னொரு டீ சொல்லணும்.”

“சொல்லுங்க” என்றேன். “பெரிய கப்பா சொல்லுங்க.”