நாலாவது பாடம் ஒயின்

சௌக்கத் அலியின் மகள் நவ்ரீன் வெளிநாட்டுக்குப் போய் ஒயின் படிக்கப் போகிறாள் என்ற செய்தி, வியாழக்கிழமை சாயங்காலம் நாலே முக்காலுக்கு ராமசெல்வியின் ஜெராக்ஸ் கடையில் பிறந்தது. ஐந்து மணிக்கு எதிர் வரிசை டீக்கடையில் தவழ்ந்தது. அந்தி மக்ரிப் தொழுகைக்குள் கல்மண்டபம் மார்க்கெட் வரை நடந்தே போய்விட்டது. ராமசெல்வியைக் குறை சொல்லக் கூடாது. அவள் யாரிடமும் எதையும் சொல்கிறவள் இல்லை. தெருவில் யார் எந்தப் படிவத்தை ஜெராக்ஸ் எடுத்தாலும் எழுத்து சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒரு தடவை வாசித்துப் பார்ப்பாள். கொஞ்சம் சத்தமாக. அவ்வளவுதான்.

நவ்ரீனின் அம்மா மலிகாவிடம் மட்டும் அவள் சொல்லவில்லை. அந்த முகம் மாறுவதை நேரில் பார்க்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமைக்கு எடுத்து வைத்திருந்தாள்.

விஷயம் இதுதான். நவ்ரீன் திருவொற்றியூர் பக்கம் ஒரு கல்லூரியில் சரக்குப் போக்குவரத்து நிர்வாகம் படிக்கிறாள். அந்தக் கல்லூரிக்கும் தென் அமெரிக்காவில், சிலி நாட்டின் துறைமுக ஊர் ஒன்றில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஒப்பந்தம். வருஷத்துக்கு ஒரே ஒரு பிள்ளை, ஒரு செமஸ்டர், செலவெல்லாம் அவர்களுடையது. இந்த வருஷம் நவ்ரீனுக்குக் கிடைத்திருந்தது. அடுத்த இடத்தில் எண்ணூர் பெனிட்டோ, பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். சிலியிலிருந்து வந்த நாற்பது பக்கப் பட்டியலில் ஐந்து பாடங்களைத் தேர்ந்தெடுத்து, அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட்டு, அதற்குப் பேராசிரியர் ஆறுமுகநயினாரிடம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஒப்புதல் வாங்கிவிட வேண்டும். ஐந்தில் ஒன்று குறைந்தாலும் விமானத்தில் பெனிட்டோ ஏறிவிடுவான்.

இந்த இடத்தில்தான் சௌக்கத் அலி உள்ளே நுழைந்தார்.

அவர் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் முப்பது வருஷம். கப்பலில் வந்த சரக்கை வெளியே எடுக்க வேண்டிய காகிதங்களைத் தூக்கிக்கொண்டு அதிகாரிகளின் மேசை மேசையாகப் போவது அவர் வேலை. அந்த முப்பது வருஷத்தில் அவர் கண்டுபிடித்த உண்மை ஒன்றுண்டு. தப்பே இல்லாத ஃபைலை எந்த அதிகாரிக்கும் பிடிக்காது. தப்பு கிடைக்கும்வரை தோண்டிக்கொண்டே இருப்பார். அதனால் நாமே ஒரு தப்பை வைத்துவிட வேண்டும். ஒரு பக்கத்தில் தேதி இருக்காது, அல்லது முத்திரை தலைகீழாக விழுந்திருக்கும். அதிகாரி சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, "இன்னா பாய், இதைக்கூட பாக்க மாட்டியா?" என்பார். பாய் தலையைச் சொறிவார். அதிகாரிக்கு வேலை செய்த திருப்தி, ஃபைலுக்கு விடுதலை. அந்தத் தப்புக்கு சௌக்கத் அலி வைத்த பெயர் கடா. வெட்டுவதற்கென்றே வளர்ப்பது.

வீட்டிலும் இதே வழக்கம்தான். மலிகாவைப் பெண் பார்க்கப் போனபோது சட்டையில் ஒரு பட்டனைத் தானே பிய்த்துக்கொண்டு போனவர். மாமியார் அந்தப் பட்டனைப் பற்றியே பேசி, வேலை நிரந்தரமா என்று கேட்க மறந்துபோனார்.

புதன்கிழமை சாயங்காலம் மகள் பட்டியலோடு வந்து உட்கார்ந்ததும் அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நாலு நல்ல பாடமா எடு. கூட ஒரு கடா போடு."

"அத்தா, இது காலேஜு. கஸ்டம்ஸ் இல்ல."

"மேசை போட்டு பேனா வெச்சிகினு உக்காந்தா எல்லாரும் ஆபீசர்தான். அந்த வாத்தியாருக்கு அடிக்கறதுக்கு ஒண்ணு குடு. அடிச்சிட்டு சந்தோசமா மத்ததை வுட்டுடுவாரு. அடிச்ச எடத்துக்குப் பதிலா வேறொண்ணை நாம பாக்கெட்ல ரெடியா வெச்சிக்கலாம்."

நவ்ரீன் கொஞ்ச நேரம் பட்டியலைப் புரட்டினாள். அந்த வீட்டில் ஸ்பானிஷ் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். கல்லூரியில் ஒரு வருஷம் படித்திருந்தாள்.

"அப்ப இது ஓகேவா பாருங்க. ஒயின். வரலாறு, தயாரிப்பு, ருசி பார்த்தல்."

சௌக்கத் அலி முதலில் வாசலைப் பார்த்தார். மலிகா மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு மகளைப் பார்த்தார். பிறகு மெல்ல, மிக மெல்ல, அவர் முகத்தில் ஒரு பிரியாணி டேக்‌ஸாவின் மூடி திறந்தது மாதிரி வெளிச்சம் வந்தது.

"உம் பேரு நவ்ரீன். அப்பன் பேரு சௌக்கத் அலி. பாடம் ஒயினு. கண்ணு தெரியாத ஆபீசர்கூட செவப்பு பேனாவைத் தேடுவான்! ஷோக்கா புடிச்சே!"

"அடிக்காம வுட்டுட்டார்னா?"

"வுடுவாரா? மனசாட்சி உள்ள மனுசன் வுடுவாரா?"

அதன் பிறகு ஒரு மணி நேரம் அவர் ஒயினைத் தவிர வேறெதையும் பேசவில்லை. முதல் இடத்தில் வைத்தால் வேண்டுமென்றே வைத்தது தெரிந்துவிடும். கடைசியில் வைத்தால் வாத்தியார் அதற்குள் வேறு எதையாவது பிடித்துவிடுவார். மூன்றா நாலா என்று யோசித்து, நாலு என்று முடிவானது. மற்ற நாலும் என்ன என்று கேட்டார். துறைமுக நிர்வாகம், கப்பல் சட்டம், ஸ்பானிஷ் வணிகக் கடிதம், கடைசியாகப் பூகோளம் என்றாள்.

"பூகோளமா? நல்லது. எந்த ஹார்பர் எங்க கீதுன்னு தெரிஞ்சிக்கலாம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். கடாவுக்குப் பதிலாகக் கொடுக்க வேண்டிய பாடமாக, குளிரூட்டிய சரக்கைக் கையாள்வது பற்றிய ஒன்றைத் தனித் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது நவ்ரீனிடமிருந்து போன் வந்தது.

"அத்தா, சார் உங்கள நேர்ல வரச் சொல்றாரு."

"அடிச்சிட்டாரா?"

"வாங்க அத்தா" என்றாள். குரல் சரியில்லை.

ஆறுமுகநயினாரின் அறையில் மேசை, பேனா எல்லாம் சௌக்கத் அலி எதிர்பார்த்தபடியே இருந்தன. ஆனால் பேராசிரியர் சிரித்துக்கொண்டிருந்தார். அதிகாரி சிரித்தால் விவகாரம் என்பது முப்பது வருஷப் பாடம்.

"உட்காருங்க பாய். நீங்க ஹார்பர்ல கிளியரிங்தானே?"

"பொண்ணு சொல்லிச்சா சார்?"

"நாலாவது பாடம் சொல்லிச்சு. எங்கப்பா கஸ்டம்ஸ்ல அப்ரைசர், சரக்குக்கு மதிப்புப் போடற அதிகாரி. வீட்ல சாப்பிட உட்கார்ந்தா இதே கதைதான். கண்ணைக் குத்துற மாதிரி ஒரு தப்பு வந்து நின்னா அதைத் தொடவே தொடாதடா, மத்த பக்கத்தை நிதானமா புரட்டுன்னுவார். அதனால ஒயினுக்கு டிக் போட்டுட்டேன்."

"டிக்கா!"

"நல்ல பாடம் பாய். பீப்பாயை எப்படிக் கப்பல்ல ஏத்தறாங்கன்னு ஒரு பகுதியே இருக்கு. அப்புறம் மத்த நாலையும் உட்கார்ந்து படிச்சேன். மூணு சுத்தம். இந்த அஞ்சாவதுதான்…"

"பூகோளம் சார். அதுல இன்னா?"

"எந்தப் பூகோளம்னு பொண்ணைக் கேட்டீங்களா?"

சௌக்கத் அலி கேட்டிருக்கவில்லை. நவ்ரீன் மின்விசிறியின் ரெகுலேட்டரை, அதை வாங்கப் போகிறவள் மாதிரி, உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேராசிரியர் படித்தார். ஆண்டிஸ் எரிமலைகள். பன்னிரண்டு வாரம் வகுப்பு. ஆறு நாள் களப்பயணம். பனி மலையடிவாரத்தில் கூடாரத்தில் தங்கல். கடைசி நாள், வானிலை ஒத்துழைத்தால், எரிமலை உச்சி வரை ஏற்றம்.

அப்போதுதான் அந்த ஒயின் யாருக்காக வைக்கப்பட்டது என்பது சௌக்கத் அலிக்கு உறைத்தது. வாத்தியாருக்காக அல்ல. ஒரு மணி நேரம் சிவப்புப் பேனா இல்லாத அதிகாரியாக உட்கார்ந்து ஒயினைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, ஃபைலை விடுதலை செய்தவர் அவரேதான். மகள் அவர் கடாவை அவருக்கே வெட்டியிருக்கிறாள்.

இந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. மலிகாவுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை.

"இன்னாங்க! ராமசெல்வி வூட்டுக்கே வந்து சொல்றா. நம்ம பொண்ணு ஒயினு படிக்கப் போவுதாமே? தெருவுக்கே தெரிஞ்சிகீது, பெத்தவ நான் கேனச்சியாட்டம் வடாம் காயவெச்சிகினு கீறேன்!"

பின்னால் ராமசெல்வியின் குரல் கேட்டது: "கோவப்படாதீங்க அக்கா, படிப்புதானே!"

"மலிகா, ஒயினு ஒரு மேட்டரே இல்ல."

"ஒயினு மேட்டரே இல்லியா? அப்ப எதுதான் மேட்டரு?"

சௌக்கத் அலி பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் அவசரமாகத் தண்ணீர் குடித்தார்.

"வூட்டுக்கு வந்து சொல்றேன்" என்று வைத்தார்.

"ஒயினை வேணும்னா எடுத்துடலாம் பாய்" என்றார் பேராசிரியர் இரக்கத்தோடு. சௌக்கத் அலியின் கை தானாகவே சட்டைப்பைக்குப் போய்த் தாளை எடுத்து நீட்டியது. பேராசிரியர் ஒயினை அடித்து, குளிரூட்டிய சரக்கை எழுதினார். "எரிமலைக்கும் தடை இல்லை. துறைக்கு வெளியே ஒரு பாடம் எடுக்கலாம்னு விதி இருக்கு. ஆனா களப்பயணத்துக்குப் பெற்றோர் தனியா சம்மதம் எழுதித் தரணும். வேணாம்னா சொல்லிடுங்க, அடிச்சிடறேன். அப்புறம் நாலுதான் நிக்கும். வேற பாடத்துக்கு அங்கேருந்து இடம் உறுதி ஆகி வர ரெண்டு நாள் ஆகும். இந்தக் குளிர்சரக்குக்கு இவ புதன்கிழமை ராத்திரியே மெயில் போட்டு உறுதி வாங்கி வச்சுட்டா." அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி நாலேகால்."

சௌக்கத் அலி மகள் பக்கம் திரும்பினார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வேணாம்னுவீங்க."

"வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

"அதான் அத்தா."

"எரிமலைல இன்னாடி கீது? யாராவது தானா போயி எரிமலைல ஏறுவாங்களா? ஹார்பர் பாக்கணும்னா பாரு, கப்பல் பாக்கணும்னா பாரு!"

"கப்பல நான் பொறந்ததுலேர்ந்து பாத்துகினு கீறேன்." நவ்ரீன் ரெகுலேட்டரை விட்டுவிட்டு அவரை நேராகப் பார்த்தாள். "நாலு பாடமும் வேலைக்கு ஆவும்னு உங்களுக்காக எடுத்தேன். ஒண்ணே ஒண்ணு எனக்கு. நம்ம ஏரியால நான் பாத்த ஒரே மலை கொடுங்கையூர் குப்பைமேடு அத்தா. அதுலயும் பொகை வருது, ஆனா அதை யாரும் பாடமா வெக்கல."

பேராசிரியர் சிரித்துவிட்டார். சௌக்கத் அலி சிரிக்கவில்லை. சம்மதப் படிவத்தை இழுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டார். ஏழு பக்கம், முழுக்க ஸ்பானிஷ்.

"படி" என்றார். "ஒரு வரி வுடாத."

நவ்ரீன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வரி வரியாகத் தமிழில் சொன்னாள். ஊரான் சரக்குக்கெல்லாம் பின்பக்கத்துப் பொடி எழுத்தைக்கூட விடாமல் படித்த மனிதர், வாழ்க்கையில் படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒரே காகிதம் சொந்த மகளுடையது. அந்தக் கோபத்தையெல்லாம் இந்த ஏழு பக்கத்தில் காட்டினார்.

"பொம்பளப் பசங்களுக்குத் தனி டென்ட்டா?"

"மூணாம் பக்கத்துல போட்டுகீது அத்தா. தனிதான்."

"சாப்பாடு?"

"மீனு, காய்கறி கேட்டு வாங்கிக்கலாம்."

"எரிமலை பொங்கிச்சின்னா?"

"அன்னிக்கு மேல போவ மாட்டாங்களாம்."

"அவ்ளோதான் எழுதிகீறானா?"

"அவ்ளோதான்."

"தெளிவாதான் எழுதிகீறான்" என்று ஒப்புக்கொண்டார். மணி நாலு நாற்பது. ஐந்தாம் பக்கத்தில் அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் என்ற இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

"இது யாரு நம்பரு?"

"அம்மாது."

"அடிச்சிட்டு என் நம்பரைப் போடு. உங்கம்மா போன எடுத்தா அந்த மலை தாங்காது."

ஏழாம் பக்கத்தின் கடைசி வரி முடிந்தபோது நாலு ஐம்பத்தொன்று. அவர் பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"பயமா இல்லியா?"

"கீது அத்தா."

"எனக்கும்தான்" என்று சொல்லிவிட்டு, சௌக்கத் அலி என்று முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேராசிரியர் கணினியில் ஐந்து பாடத்துக்கும் ஒப்புதல் கொடுத்தார். நாலு ஐம்பத்தி நாலுக்குத் திரை பச்சையானது. எண்ணூரில் பெனிட்டோ பாஸ்போர்ட்டை பீரோவில் வைத்திருப்பான்.

அப்பாவும் மகளும் பஸ் ஏறினார்கள். வீட்டுக்கு இறங்க வேண்டிய ராயபுரம் ஸ்டாப்பிங் வந்தபோது நவ்ரீன் எழுந்தாள். அவர் எழுந்திருக்கவில்லை. "உக்காரு" என்று மட்டும் சொன்னார். வண்ணாரப்பேட்டையில் இறங்கி, எம்.சி. ரோட்டில் ஜெயவேலின் துணிக்கடைக்குள் நுழைந்தார். மே மாத மாலை. கடைக்குள் பொம்மைகளுக்குக்கூட வேர்த்துவிடும் போலிருந்தது.

"ஸ்வெட்டர் காட்டுப்பா."

"இப்பவா பாய்?" ஜெயவேல் அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஊட்டிக்கா?"

"ஊட்டிக்கு அந்தப் பக்கம்."

பரணிலிருந்து மூட்டை இறங்கியது. தூசி பறந்தது. கறுப்பில் ஒன்றை எடுத்து, மகளிடம் கொடுக்காமல், ஜும்மாவுக்குப் போட்ட வெள்ளைச் சட்டை மேலேயே மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். போன் அடித்தது. மலிகாதான். அவர் எடுக்கவில்லை.

"குளிர் தாங்குமா இது?"

"அஞ்சு நிமிசம் அப்படியே நில்லுங்க பாய், உங்களுக்கே தெரிஞ்சிடும்."

"அத்தா, கழட்டுங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் நவ்ரீன்.

சௌக்கத் அலி கழற்றவில்லை. கையை நீட்டி மடக்கிப் பார்த்தார். கழுத்துப் பட்டியை இழுத்துப் பார்த்தார். வேர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது. மின்விசிறிக்குக் கீழே இருந்து ஒரு அடி தள்ளி நின்று, இன்னும் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"பத்தாது" என்றார். "இதைவிட தடியா ஒண்ணு எடு."