கத்தினால் என்ன செய்வாய்

பிரசவம் பார்க்க வந்த இரண்டு பேரிடமும் சங்கமித்ரா ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். "வலியில நான் கத்துனா இன்னா பண்ணுவே?"

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி வீடு. எட்டு மாத வயிற்றோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மாமியார்க்காரி பெண் பார்ப்பதுபோல அவள் மருத்துவச்சி பார்த்தாள். முதலில் வந்தது கொருக்குப்பேட்டை செங்கொடி. நாற்பது பிள்ளைகளை வெளியே எடுத்த கை. "கத்தாதம்மா, தெம்பு பூடும்" என்றாள். சரியான பதில்தான். சங்கமித்ராவுக்கு வேண்டிய பதில் அது இல்லை.

முதல் பிரசவத்தில், ஆஸ்பத்திரியில் அவள் கத்தியபோது நர்ஸ் தொடையில் அறைந்து, "புருஷன்கிட்ட போவும்போது இனிச்சுதா?" என்று கேட்டாள். நான்கு வருடம் கழித்துத்தான் அதைக் கணவன் பீம்ராவிடம் சொன்னாள். "நீ கத்து, நானும் கூடக் கத்தறேன்னு ஒருத்தி சொல்லியிருந்தா போதும்யா" என்று அழுதாள். அவனும் அழுதான். "இந்த வாட்டி வூட்லயே வெச்சுக்கலாம் மித்ரா" என்று முதலில் சொன்னதே அவன்தான்.

மறுவாரம் கல்மண்டபம் ஆலிஸக்காவை அவனே பைக்கில் அழைத்து வந்தான். கேள்வியைக் கேட்டதும் ஆலிஸ் யோசிக்கவே இல்லை.

"நீ கத்து கண்ணு. நானும் கூடக் கத்தறேன்."

சங்கமித்ராவுக்குக் கண் நிறைந்துவிட்டது. தன் மனசில் இருப்பதை எழுத்துப் பிசகாமல் சொல்ல இந்த ஊரில் ஒருத்தி இருக்கிறாளே! செங்கொடியை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

மாதம் நிறைந்து, ஒரு செவ்வாய்க்கிழமை பகலில் வலி எடுத்தது. ஆலிஸ் வந்தாள். பாய் விரிக்கவில்லை, வெந்நீர் கேட்கவில்லை. ஜன்னலருகே நின்று கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஆம்புலன்ஸ்காரர் படியேறி வந்தார்.

"இன்னா ஆயாம்மா, இன்னிக்கு வார்டு டூட்டி இல்லியா?"

ஆலிஸ் மருத்துவச்சியே இல்லை. அதே ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டைக் கூட்டிப் பெருக்கும் ஆயா.

"கோச்சுக்காத கண்ணு. நீ இப்டி கேப்பே, நான் இப்டி சொல்லணும்னு உன் வூட்டுக்காரருதான் சொல்லிக் குட்த்தாரு. போன வாட்டி உனக்கு ரத்தம் நிக்கலியாமே. பயந்துகினு கீறாரு."

பீம்ராவ் கதவோரம் பையோடு நின்றான். துணி, ஸ்கேன், ஆதார் எல்லாம் அதில் ஏற்கெனவே அடுக்கியிருந்தது.

"நீ பூட்டா நான் இன்னா பண்ணுவேன் மித்ரா?"

அவன் பயம் பொய்யில்லை. ஆனால் மூஞ்சிக்கு நேரே சொல்லியிருக்கலாம், சண்டை போட்டிருக்கலாம். அவள் அழுது சொன்னதை எடுத்துத் தூண்டிலில் புழுவாக மாட்டி அவளையே பிடித்துவிட்டானே. பாவி, அதற்கு வேறு வார்த்தையா கிடைக்கவில்லை!

ரயில்வே பாலத்தடியில் வண்டி போகும்போது பெரிய வலி வந்தது. ஆலிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கத்து கண்ணு."

"கத்துடி மித்ரா" என்றான் பீம்ராவ்.

சங்கமித்ரா முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு கடித்தாள். வண்டியின் சைரன் மட்டும் கத்திக்கொண்டே போனது.