ஒரு சாக்குத் தவளையும் ஒரு அம்புக்குறியும்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மண்டையில் தானாக உதித்ததல்ல. சிறுவர் பத்திரிகை நடத்தும் நண்பர் ஒருவர், உணவுச் சங்கிலிக்கும் உணவு வலைக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரே பக்கத்தில், கதையாக எழுதித் தரச் சொன்னார். "பிள்ளைங்க படிக்கிறது சார். குறுக்கே ஆளுங்களக் கொண்டாந்து விட்டுடாதீங்க. கதை நேராப் போகணும்" என்று எச்சரிக்கை வேறு. என் பழைய கதைகளைப் படித்திருப்பார் போலிருக்கிறது.

நேராகத்தான் ஆரம்பித்தேன்:

"ஒரு ஊரில் ஒரு நெற்பயிர் இருந்தது. அதை வெட்டுக்கிளி தின்றது. வெட்டுக்கிளியைத் தவளை தின்றது. தவளையைப் பாம்பு தின்றது. பாம்பைப் பருந்து —"

இங்கே நின்றுபோனேன். மூச்சு விடுவதற்குள் இத்தனை சாவு. கடைசியில் பருந்து மட்டும் வயிறு முட்ட உட்கார்ந்திருக்கிறது. இதைப் படிக்கிற பிள்ளை எப்படி ஐயா தூங்கும்? தவிரவும், வயல் என்றால் ஒரு சொந்தக்காரர் வேண்டாமா? ஒரே ஒரு ஆள்தானே, அவர் பாட்டுக்கு வரப்பில் நிற்கட்டும் என்று சேர்த்தேன். அங்கேதான் பிடித்தது சனி.

2

அவர் பெயர் ரெமிஜியஸ். மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணியாற்றுத் தண்ணீர் பாயும் ஒரு சின்ன ஊர். குவைத்தில் பைப் ஃபிட்டராக இருந்தவர். அங்கே சண்டை மூண்டதும் போட்டிருந்த சட்டையோடு விமானத்தில் ஏற்றி அனுப்பினார்களே, அந்தக் கூட்டத்தில் ஒருவர். [சிறுவர் கதையில் யுத்தம் எதற்கு என்று நண்பர் கேட்பார். அடைப்புக்குள் போட்டால் கண்ணில் படாது.]

வந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. நாடு கதவைத் திறந்துவிட்டது, உலகத்துக் கம்பெனியெல்லாம் இனி நம் வாசலுக்கே வரும் என்று பேப்பர்கள் எழுதிக்கொண்டிருந்த நேரம். ரெமிஜியஸ் வாசலுக்கு வந்தது மீரா உசேன் மட்டும்தான். மன்னார்குடியில் விசா ஏற்பாடு செய்கிறவர்.

"குவைத் மறுபடி திறந்துட்டான் ரெமி. பழைய கம்பெனியே கூப்புடுது. பொங்கலுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

ரெமிஜியஸுக்குப் போக மனசே இல்லை. அதை வெளியே சொல்லவும் வாய் வரவில்லை. தான் அங்கிருந்து அனுப்பித்தான் இங்கே உலை கொதித்தது என்பதில் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. குழாயில் இந்தப் பக்கம் விட்டால் அந்தப் பக்கம் வரும். நடுவில் ஒரு இணைப்பு கழன்றால் எல்லாம் போச்சு. அந்த இணைப்பு தான்தான். எனவே மனசுக்குள் ஒரு உடன்படிக்கை போட்டுக்கொண்டார்: இந்தச் சம்பா விளைந்து வீட்டுக்குச் சோறு போட்டுவிட்டால் ஊரோடு இருந்துவிடுவது. பொய்த்தால், மீரா உசேன்.

இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் குறுக்கே குறுக்கே போவேன், நீங்களும் சேர்ந்து தொலைந்துபோகக் கூடாது.

3

நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்த சமயத்தில் புழு விழுந்தது. ரெமிஜியஸ் கடையிலேயே வீரியமான மருந்தை வாங்கிவந்து, ஊரே மூக்கைப் பொத்தும்படி அடித்தார். புழு செத்தது. கூடவே சிலந்தி, தட்டான், தவளை எல்லாம் செத்ததோ ஓடியதோ, ஒன்றையும் காணோம். வயல் ஆஸ்பத்திரித் தரை மாதிரி சுத்தமாக இருந்தது. கொஞ்ச நாளில் புழு மட்டும் திரும்பி வந்தது, வெட்டுக்கிளியையும் துணைக்கு அழைத்துக்கொண்டு.

அன்றைக்கு மகள் ஜெனிட்டா வாய்விட்டுப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். எட்டாம் வகுப்பு. அப்பா எட்டிப் பார்த்தார். நெல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு அம்புக்குறி.

"என்ன பாப்பா, தலைகீழாப் போட்டு வச்சிருக்கான்? நெல்லுலேருந்து வெட்டுக்கிளிக்கு அம்பு போவுது. நெல்லா வெட்டுக்கிளியத் திங்குது?"

"அய்யோ அப்பா, அம்பு திங்கிறதக் காட்டல. சாப்பாடு எங்கேருந்து எங்க போவுதுன்னு காட்டுது. யாரு சோறு போடுறாங்களோ அவங்ககிட்டேருந்து கெளம்பும். சாப்புடுறவங்ககிட்ட முடியும்."

"ஓகோ. அப்ப குவைத்துலேருந்து நம்ம வீட்டுக்கு."

"ஆமாம்ப்பா. அடுத்த பக்கத்துல உணவு வலைன்னு ஒண்ணு..."

அடுத்த பக்கத்தை அவர் பார்க்கவில்லை.* பார்த்ததே போதுமாக இருந்தது. அட, இது குழாய்தானே! தவளை என்கிற இணைப்பு கழன்று கிடக்கிறது. கொண்டுவந்து மாட்டினால் தீர்ந்தது.

* பார்த்திருந்தால் கதை இங்கேயே முடிந்து, நானும் ஒரு பக்கத்தோடு தப்பித்திருப்பேன். அதில் இருந்தது இதுதான்: வெட்டுக்கிளியைத் தவளை மட்டுமா தின்கிறது? சிலந்தி தின்னும், கொக்கு தின்னும், கரிச்சான் குருவி தின்னும். பாம்பு, தவளை கிடைக்காவிட்டால் எலி தின்னும். ஆக ஒரு கோடு இல்லை, குறுக்கும் நெடுக்குமாக ஏகப்பட்ட கோடுகள். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் அதற்கு அப்பால் இருப்பவர்கள் பட்டினி. வலையில் ஒரு இழை அறுந்தால் மற்ற இழைகள் தாங்கிக்கொள்ளும். கொஞ்சம் தொய்யும்.

4

[பஸ் காட்சியை எழுதாமல் விட்டிருக்கலாம். கதைக்கு அது தேவையில்லை. எனக்குத் தேவைப்பட்டது.]

ஐப்பசி மழை விட்ட ஒரு சாயங்காலம். மன்னார்குடியைத் தாண்டி ஒரு குட்டையில் முழங்கால் சேற்றில் நின்று, கொசுவலையை வீசி, ஒரு சாக்கு நிறையத் தவளை பிடித்தார் ரெமிஜியஸ். டவுன் பஸ்ஸில் ஏறி, சாக்கைக் காலுக்கடியில் தள்ளிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல ஜன்னலைப் பார்த்தார்.

"சாக்குல என்னங்க?" என்றார் கண்டக்டர்.

"இஞ்சி."

சாக்கு கத்தியது.

"இஞ்சிக்குத் தொண்டை கட்டியிருக்கு போல. லக்கேஜ் போடணும்."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. சாக்கின் வாய் அவிழ்ந்தது. அப்புறம் நடந்ததை அந்த ஊர்க்காரர்கள் இன்னமும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஒரு தவளை டிரைவர் தோளில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தது. வேளாங்கண்ணியில் நேர்ச்சைக்கு மொட்டை போட்டுக்கொண்டு திரும்பிய ஒருவரின் தலையில் இன்னொன்று ஏறி, வழுக்கி, மறுபடி ஏறியது. குடும்பமே "மாதாவே!" என்று அலறியது.

"பயப்படாதீங்க, பயப்படாதீங்க, விவசாயத்துக்கு!" என்று ரெமிஜியஸ் சீட்டுக்கடியிலிருந்து கூவினார்.

மிஞ்சியதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டுபோய் வயலில் விட்டார். மறுநாள் காலையில் காதைத் தீட்டிக்கொண்டு வரப்பில் நின்றார். தன் வயலில் ஒரு சத்தமும் இல்லை. பக்கத்து வயலில் திருவிழாக் கச்சேரி.

பக்கத்து வயல் மருதையனுடையது. அவர் மருந்தடிப்பதில்லை. இயற்கை விவசாயக் கொள்கை என்று நினைத்துவிடாதீர்கள். மருந்து டின்னை முதுகில் சுமக்கச் சோம்பல்.

"அண்ணே, ஒங்க தவளைங்க எங்க வயல்ல வந்து கெடக்குதுங்க. புடிச்சுக்கிறீங்களா?" என்றார் மருதையன்.

"அதுங்களாவா வந்துச்சு?"

"பின்ன, நான் என்ன வெத்தல பாக்கு வச்சா அழைச்சேன்?"

ரெமிஜியஸுக்கு வெறுத்துப்போய்விட்டது. இனி மருந்தும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, பயிர் எக்கேடு கெட்டாலும் கெடட்டும் என்று வயல் பக்கம் போவதையே விட்டார். அவர் கையைக் கட்டிக்கொண்டதும் வயல் தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தது. சிலந்திகள் வந்து இலைக்கு இலை நூல் கட்டின. தட்டான்கள் வந்தன. கொக்குகள் இறங்கின. கரிச்சான் குருவி ஒன்று வரப்புக் குச்சியில் உட்கார்ந்துகொண்டு, சாட்டையாகப் பாய்ந்து பாய்ந்து பூச்சி பிடித்தது. மார்கழியில் கதிர் தலை சாய்ந்தது. அமோக விளைச்சல் என்று சொல்லமாட்டேன். ஆனால் விளைந்தது.

5

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு. பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும் என்று மீரா உசேன் சொல்லியனுப்பியிருந்தார். ரெமிஜியஸ் முகத்தில் ஒரு வெற்றிக் களை.

"அமலம், வெளச்சல் வந்துடுச்சு. இனிமே நம்ம வீட்டுச் சோத்துக்குக் கவலை இல்ல."

அவர் மனைவி அமலோற்பவம் குழம்பை ஊற்றினாள். "எப்ப இருந்துச்சு?"

"என்னது?"

"கவலை."

ரெமிஜியஸ் தட்டைப் பார்த்தார். இத்தனை மாதமாக அதில் சாப்பிட்டவர்தான், பார்த்ததில்லை.

"இந்த விரால் ஏது?"

"மருதையன் வாய்க்கால்ல புடிச்சது. நம்ம வீட்டு மோரு அங்க போவும்."

"முட்ட?"

"வாத்துக்காரரு குடுத்தது. அறுப்பு முடிஞ்சா அவரு வாத்து நம்ம வயல்லதானே மேயுது?"

"தேங்கா?"

"பட்டுக்கோட்டை அண்ணன். அண்ணி, பிள்ளைங்க துணியெல்லாம் நான்தான் தச்சுக் குடுக்குறேன்."

"அப்ப நான் அனுப்புன காசு?"

"வீடு கட்டுனோம். தையல் மெஷினு வாங்குனோம். பாப்பா படிக்குது. அத யாரு இல்லன்னாங்க?"

"சோத்துக்கு?"

அமலோற்பவம் கரண்டியைக் கீழே வைத்தாள். "சண்டை வந்து, நீங்க உசுரோட இருக்கீங்களா இல்லையான்னு தெரியாமக் கெடந்தோமே, அப்ப குவைத்துலேருந்து என்ன வந்துச்சு? ஒண்ணும் வரல. அப்பவும் சாப்பிட்டோம்ங்க. அழுதுகிட்டே சாப்பிட்டோம்."

"பட்டினி கெடக்கலையா?"

"கெடந்திருக்கணுமா?"

ரெமிஜியஸ் சோற்றைப் பிசைந்தார். "ஒரு வேளையாவது," என்றார்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. ஜெனிட்டா முதலில் சிரித்தாள். அமலோற்பவம் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் முந்தானையால் வாயை மூடினாள். ரெமிஜியஸும் சிரித்தார், ஆனால் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. வயலும் அவர் இல்லாமல் விளைகிறது, வீடும் அவர் இல்லாமல் சாப்பிடுகிறது.

"இதாம்ப்பா அந்த அடுத்த பக்கம்," என்றாள் ஜெனிட்டா.

[அமலோற்பவம் இப்படிப் பட்டென்று பேசுவாளா என்று எனக்கே சந்தேகம் வந்தது. "நீங்க இல்லன்னா எங்க கதி என்னாவும்ங்க" என்று கண்ணைக் கசக்கும்படி மாற்றி எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் அவள் எழுந்து ரசம் எடுக்கப் போய்விட்டாள். பழையபடியே விட்டேன்.]

6 (இதை அடித்துவிட்டேன், இருந்தாலும் படியுங்கள்)

நண்பர் போன் செய்தார். "ஒரு பக்கம் கேட்டேன், ஒரு ஊரையே குடி வச்சிருக்கீங்க! ஆளைக் குறைங்க."

சரியென்று முதலில் மருதையனை அடித்தேன். வரப்போடு சேர்த்து ஆளைக் காணோம். விரால் வராது, சாப்பாட்டுக் காட்சி விழுந்துவிடும் என்று நினைத்தேன். விழவில்லை. அமலோற்பவம் இன்னும் இரண்டு முட்டையைச் சேர்த்து வேகவைத்துவிட்டாள். வாத்துக்காரரை அடித்தேன். தேங்காய்த் துவையல் வந்தது. பட்டுக்கோட்டை அண்ணனையும் அடித்தேன். முருங்கைக்கீரை வந்தது. சாப்பாடு கொஞ்சம் சுமாராகிக்கொண்டே போனதே ஒழிய, நிற்கவில்லை.

கடைசியில் ஒரு விபரீத ஆசை. ரெமிஜியஸையே அடித்துப் பார்த்தேன்.

அப்பவும் சோறு வெந்தது. அப்பவும் தாயும் மகளும் உட்கார்ந்தார்கள். ஆனால் தரையில் மூன்று தட்டு இருந்தது. சாப்பிட இரண்டு பேர், தட்டு மூன்று. அடிக்க மறந்துவிட்டேன் போல என்று பேனாவை எடுத்துக்கொண்டு போனேன். அந்த மூன்றாவது தட்டில் சோறு போட்டு, மேலே இன்னொரு தட்டால் மூடி வைத்திருந்தது. நான் அப்படி எழுதவே இல்லை. ரெமிஜியஸை அவசர அவசரமாகக் கொண்டுவந்து பழைய இடத்தில் உட்காரவைத்தேன்.

7

இனி முடிவு. இரண்டு எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு: "மீனம்பாக்கத்தில் ரெமிஜியஸ் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே —" வேண்டாம், எனக்கு அழுகை வருகிறது. சிறுவர் கதை என்று சொல்லி உங்களை அழைத்துவந்தேன்.

இரண்டாவது: "ரெமிஜியஸ் ஊரிலேயே இருந்து, தவளை வளர்த்து, கலெக்டர் கையால் பரிசு —" சே! இதை எழுதிய கையை உடைக்கலாம்.

நடந்தது இவ்வளவுதான். சாப்பிட்ட கையோடு ரெமிஜியஸ் வரப்புக்குப் போய்விட்டார். வெயில் இறங்கியதும் அமலோற்பவம் தேடிக்கொண்டு வந்தாள்.

"மீரா உசேன் அண்ணன் வந்து உக்காந்திருக்காரு. என்ன சொல்லட்டும்?"

"நீ என்ன சொல்ற?"

"போறதுன்னா போங்க, இருக்குறதுன்னா இருங்க. எங்களுக்குச் சோறு போடத்தான் போறேன்னு மட்டும் சொல்லாதீங்க. அதுக்கு நீங்க வேணாம்."

"வேற எதுக்குத்தான் வேணும்?"

"அத நான்தான் வாயத் தொறந்து சொல்லணுமா?"

மருதையன் வயலிலிருந்து ஒரு தவளை கத்தியது. ரெமிஜியஸ் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"அது என் தவளை."

"ஆமா, பேரு எழுதி ஒட்டியிருக்கு."

"இல்ல அமலம். பஸ்ஸுல கத்துச்சே, அதே சத்தம்."

அமலோற்பவம் திரும்பிப் போகவில்லை, பக்கத்திலேயே நின்றாள்.

எனக்குத் தெரிந்தது இதுவரைக்கும்தான். நண்பர் கடைசியில் ஒரு படம் கேட்டிருந்தார், வரைந்துவிட்டேன். மருதையனிலிருந்து வீட்டுக்கு, வீட்டிலிருந்து மருதையனுக்கு, வாத்துக்காரர், பட்டுக்கோட்டை, கொக்கு, சிலந்தி என்று எல்லாருக்கும் அம்பு போட்டாகிவிட்டது. ரெமிஜியஸுக்கும் வீட்டுக்கும் நடுவே மட்டும் வெறுங்கோடு நிற்கிறது. சோறு போடுகிறவரிடம் கிளம்பி சாப்பிடுகிறவரிடம் முடிய வேண்டும் என்று ஜெனிட்டா சொன்னாள். இத்தனை காலம் அவர் தன்னிடமிருந்து வீட்டுக்கு அம்பு போட்டு வைத்திருந்தார். அந்த மூடி வைத்த தட்டைப் பார்த்ததிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை.

பென்சிலை இங்கே வைத்திருக்கிறேன். அம்பின் தலையை எந்தப் பக்கம் போடுவது என்று நீங்களே பார்த்துப் போடுங்கள். மீரா உசேன் கடிகாரத்தைப் பார்க்கிறார். அந்தத் தட்டில் சோறு இன்னும் ஆறவில்லை.