புகார்தாரர் தனியாக வசிப்பவர்

1

இந்தக் கதை ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. அதன் முதல் பாதியைத் தலைப்பாக வைத்திருக்கிறேன். மறுபாதியைச் சொல்லக் கொஞ்சம் தைரியம் வேண்டியிருக்கிறது. நான்காம் பகுதிக்குள் சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறேன்.

மின்சாதனங்களைச் சோதித்துச் சான்று கொடுக்கும் கூடம் ஒன்றில் எனக்கு வேலை. நான் எதையும் சோதிப்பதில்லை. இஸ்திரிப் பெட்டி, மின்விசிறி, சலவை இயந்திரம் என்று வருகிறவற்றைத் தொட்டால் ஷாக் அடிக்குமா, அடித்தால் எவ்வளவு என்று பரிசோதகர்கள் அளந்து எழுதிக் கொடுப்பார்கள். அந்த அறிக்கைகளைத் தட்டச்சு செய்து, மொழியைத் திருத்துவது என் பொறுப்பு. கூடத்தில் எனக்குக் 'கால்புள்ளி' என்று பெயர். வீட்டில் கதை எழுதுவேன் என்பதும் அவர்களுக்குத் தெரியும். யாரும் படித்ததில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"அவள் இயந்திரத்தின் மூடியைத் தொட்டாள். கண்ணுக்குத் தெரியாத ஒரு கை அவளுடைய கையைப் பற்றி"

பாதியில் விட்டுவிட்டேன். தன் சலவை இயந்திரத்தைப் பற்றிப் புகார் அனுப்பியிருந்த ஓர் அம்மா படிவத்தில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "தொட்டால் சுரீரென்று அடிக்கிறது. முழங்கை வரை போகிறது." என் வாக்கியத்தைவிட அது நன்றாக இருந்தது.

2

பரிசோதகரை எல்லோரும் 'மில்லி' என்பார்கள். மில்லியாம்பியரில் அளந்து அளந்து பேச்சிலும் அது ஒட்டிக்கொண்டது. பசிக்கிறதா என்று கேட்டால் "ரெண்டு மில்லி" என்பார். தலைவலி என்றால் அஞ்சு மில்லி. மேலாளர் கோபமாக இருந்தால், "இன்னிக்கு முப்பது, கிட்டயே போகாதீங்க." (முப்பது மில்லியாம்பியர் மார்பு வழியாக ஓடினால் மூச்சு நின்றுபோகலாம். எங்கள் சிரிப்பெல்லாம் இந்த அளவில்தான்.)

கதையில் ஒருவர் தவறு செய்ய வேண்டுமென்றால் அவரைச் சோம்பேறியாக்கிவிடுவது சுலபம். ஒரு வரைவில் அப்படித்தான் செய்தேன். மீட்டரைப் பார்க்காமலே எண்ணை எழுத வைத்தேன், நடுவில் கொட்டாவி விட வைத்தேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன், ஏனென்றால் மில்லி அப்படிப்பட்டவர் இல்லை. அந்தச் சலவை இயந்திரத்தை இரண்டு நாள் ஓடவிட்டு, ஈரக்கை தொட்டால் எவ்வளவு மின்சாரம் உடம்புக்குள் போகும் என்று நான்கு முறை அளந்தார். அனுமதித்த அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

"தங்கமான மெஷின் சார்," என்றார்.

எங்கள் ஸ்டிக்கரை ஒட்டி இயந்திரத்தைத் திருப்பி அனுப்பினோம். பத்து நாளில் இரண்டாவது புகார் வந்தது.

3

இந்தத் தடவை மில்லியே மீட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். காலை பதினோரு மணி. தரைத்தளத்தில் ஓர் அறை, சமையலறை, இயந்திரம் வைத்திருக்கிற குளியலறை. அந்த அம்மாவுக்கு அறுபத்து மூன்று வயது. பேருந்து நிலையத்தில் முப்பது வருடம் ஒலிபெருக்கியில் வண்டிகள் புறப்படும் நேரத்தை அறிவித்தவர்.

கதவைத் திறந்ததுமே, "தம்பி, இப்ப அடிக்காது," என்றார்.

"ஏம்மா?"

"இந்த நேரத்துல அடிக்கறதில்ல."

மில்லி அளந்தார். ஒன்றும் இல்லை. பிளக்கைப் பார்த்தார். இயந்திரத்தின் உடலுக்கும் சாக்கெட்டின் எர்த் துளைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. சாக்கெட்டுக்கு அந்தப்பக்கம் சுவருக்குள் ஓடுகிற வயர் எங்கள் கூடத்தின் எல்லைக்குள் வராது. கிளம்பும்போது அந்த அம்மா, "ஒரு நாள் விடியக்காலையில வர முடியுமா?" என்று கேட்டார்.

"ஆபீஸ் பத்து மணிக்குத்தாம்மா."

சமையலறைச் சுவரில் ஒரு மாதக் காலண்டர். ஒவ்வொரு கட்டத்திலும் பென்சிலால் நேரம். 6.25. 6.25. 6.30. மில்லி திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "பாவம் சார், பழக்கம் விடல. இன்னும் பஸ் டைம் எழுதிட்டிருக்காங்க."

நான் அதைப் பிடித்துக்கொண்டேன். [வரைவிலிருந்து: "வராத பேருந்துகளுக்காக அவள் இன்னும் நேரம் குறித்துக்கொண்டிருந்தாள்."] இதை எழுதிவிட்டு அன்றைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த அம்மா தனக்கு ஷாக் அடித்த நேரங்களைக் குறித்து வைத்திருந்தார். அவருக்குத் தெரிந்த தொழில் அது. எங்கள் படிவத்தில் நேரத்துக்குக் கட்டம் கிடையாது. நாங்கள் கேட்கவும் இல்லை.

4

வந்துவிட்டது. சொல்கிறேன்.

மில்லி கைப்பட எழுதிய அறிக்கையில் 'வீட்டில் வசிப்போர் எண்ணிக்கை' என்ற கட்டத்தில் 'ஒருவர்' என்று இருந்தது. கடைசியில், 'அபாயம் எதுவும் கண்டறியப்படவில்லை.' அதோடு நின்றிருக்க வேண்டும். தட்டச்சு செய்யும்போது முடிவு மொட்டையாக இருப்பதாக எனக்குப் பட்டது. ஒரு வாக்கியம் சேர்த்தேன்: "புகார்தாரர் தனியாக வசிப்பவர் என்பதையும் கருத்தில் கொள்ளலாம்."

மில்லி அன்றைக்குப் பதினாறு அறிக்கைகளில் கையெழுத்துப் போட்டார். இதுவும் ஒன்று. புகார் மூடப்பட்டது.

ஏன் சேர்த்தேன் என்பதற்கு மொழிநடையைக் காரணம் சொல்லித் தப்பிக்கலாம். (இரண்டு வரைவுகளில் தப்பித்தேன்.) அந்த மாதம் நான் தொலைபேசி நிறுவனத்துக்கு இரண்டு முறை இல்லாத பழுதைச் சொல்லி அழைத்திருந்தேன். இரண்டாம் முறை பேசிய பெண், "இப்ப கேக்குதா சார்?" என்றாள். "இரைச்சலா இருக்கு, கொஞ்சம் பேசிட்டே இருங்க," என்றேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். நாற்பது வரை எண்ணிவிட்டு, "இப்ப சார்?" என்றாள். அந்த வாரம் என் அறையில் கேட்ட வேறொருவர் குரல் அதுதான்.

ஆகவே அந்த அம்மாவும் அப்படித்தான் என்று எனக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிந்துவிட்டது.

5

மூன்றாவதாக வந்தது புகார்ப் படிவம் இல்லை. கோடு போட்ட தாளில் நாற்பத்தொரு தேதிகள், எதிரே நேரங்கள். அடியில் ஒரு வரி: "ஞாயிறு மட்டும் 7.50. காரணம் தெரியவில்லை."

மூடிய புகாரை மறுபடி திறக்க மேலாளர் அனுமதி வேண்டும். கேட்டுக்கொள்ளலாம் என்று மில்லி தாளை மேசை டிராயரில் வைத்தார். பதினோரு நாள் அங்கேயே இருந்தது. ஸ்டேப்ளர் தேடி அந்த டிராயரை நானும் திறந்தேன். தாளைப் படித்தேன். திரும்ப வைத்து மூடினேன்.

பன்னிரண்டாம் நாள் ஒரு தொலைபேசி அழைப்பு. அந்த அம்மாவின் எதிர்வீட்டில் இருக்கும் தையல்காரப் பெண்.

"மெஷின்ல உங்க ஸ்டிக்கர் இருந்துச்சுங்க. அதுல இருந்த நம்பருக்குத்தான் பண்றேன். அக்காவுக்கு ஷாக் அடிச்சு விழுந்துட்டாங்க. ஒரு கை குழாயில, ஒரு கை மெஷின்ல. மணிக்கட்டு உடைஞ்சிருக்கு. ஆஸ்பத்திரில சேர்த்திருக்கோம்."

மில்லி ரிசீவரை வைத்தபின் வெகுநேரம் டிராயரைத் திறக்கவில்லை.

6

(இங்கே நான் இல்லை. மில்லி சொன்னதை எழுதுகிறேன். அழகுபடுத்தாமல் இருக்கப் பார்க்கிறேன்.)

மறுநாள் காலை ஆறு மணிக்கே போனார். தையல்காரப் பெண் சாவி கொடுத்தாள். குளியலறையில், ஊறவைத்த துணி வாளியில் அப்படியே இருந்தது. இயந்திரத்தை ஓடவிடவில்லை. பிளக் மட்டும் செருகியிருந்தது. மீட்டரின் ஒரு முனையை இயந்திரத்தின் உடலிலும் மற்றதை இரும்புக் குழாயிலும் மாட்டினார். பூஜ்யம். காலி வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். ஆறு பத்து. பூஜ்யம். ஆறு இருபது. பூஜ்யம். இந்த வீட்டில் தினமும் இப்படித்தானே ஒருவர் தனியாக நின்று கையை நீட்டிப் பார்த்திருப்பார் என்று நினைத்தாராம்.

மேலே செருப்புச் சத்தம். சுவிட்ச் போடும் சத்தம். மீட்டரில் தொண்ணூற்று இரண்டு வோல்ட்.

மில்லி மாடிப்படியில் ஓடினார். மேல்வீட்டில் குடியிருந்த லாரி கம்பெனி குமாஸ்தா தோளில் துண்டோடு கதவைத் திறந்தார்.

"ஹீட்டர் போட்டீங்களா?"

"ஆமா, குளிக்கப் போறேன். நீங்க யாரு?"

"முதல்ல அதை அணைங்க."

"எனக்கு ஒண்ணும் அடிக்கலையே சார்."

அவருக்கு அடிக்காது. ஹீட்டர் பரணுக்குப் பக்கத்தில் உயரத்தில் இருந்தது, குழாயெல்லாம் பிளாஸ்டிக். பழுதான ஹீட்டரிலிருந்து கசிந்த மின்சாரம் எர்த் வயரில் இறங்கியது. கட்டடத்தின் எர்த் வயர் மண்ணுக்குள் போகிற இடத்தில் துருப்பிடித்து அற்றுப்போயிருந்தது. போக்கிடம் இல்லாத மின்சாரம், அதே வயரில் இணைந்திருந்த கீழ்வீட்டு இயந்திரத்தின் உடலில் வந்து நின்றது. ஆளைக் காப்பாற்றுவதற்காகப் போட்ட வயர் வழியாகத்தான் வந்தது. இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை.

"ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்குக் குளிப்பீங்க?" என்று மில்லி கேட்டார்.

"லீவு நாள்ல எட்டு மணி ஆயிடும். இதையெல்லாம் எதுக்கு சார் கேக்கறீங்க?"

7

அன்று மாலை மில்லி ஆஸ்பத்திரிக்குப் போனபோது நானும் கூடப் போனேன். "ஆபீஸ்ல ரிப்போர்ட் பாக்கறவர்," என்று என்னை அறிமுகப்படுத்தினார். அந்த அம்மா கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்திருந்தார்.

"நீங்க சொன்னது சரிம்மா," என்றார் மில்லி. "மேல்வீட்டு ஹீட்டர்தான். ஆறு இருபத்தி நாலுக்குப் போட்டாரு."

"இருபத்தி நாலா? அப்ப என் கடிகாரம் ஒரு நிமிஷம் முன்னால ஓடுது."

பிறகு அவரே தொடர்ந்தார். "ரிப்போர்ட் காப்பி எனக்கும் வந்துச்சு தம்பி. தனியா இருக்கேன்னு போட்டிருந்தீங்க."

மில்லி தலையைக் குனிந்துகொண்டார்.

"தனியாத்தான் இருக்கேன், எட்டு வருஷமா. நல்லாத்தான் இருக்கேன். அதுக்கும் ஷாக்குக்கும் என்ன சம்பந்தம்னுதான் எனக்குப் புரியல."

"நான் எழுதினதும்மா. தப்பு என்னோடதுதான்."

மில்லி அப்படித்தான் நம்புகிறார். கையெழுத்து அவருடையது. பதினாறில் ஒன்றாகப் போட்டது, அந்த வரியைத் தான் எழுதவில்லை என்பதே அவருக்கு இப்போது நினைவில்லை.

நான் ஓர் அடி முன்னால் வைத்து, "அம்மா, அதை எழுதினது நான்," என்றேன்.

இல்லை, இது பொய். அடித்துவிடாமல் இங்கேயே விட்டுவைக்கிறேன். நான் கட்டிலின் காலடியில் மாட்டியிருந்த மருத்துவக் குறிப்பைப் படித்துக்கொண்டு நின்றேன். அதில் ஓர் எழுத்துப்பிழை இருந்தது.

8

கட்டடத்துக்குப் புது எர்த் வயர் போட்டார்கள். மேல்வீட்டு ஹீட்டர் மாற்றப்பட்டது. அந்த அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். கதையை இங்கே முடித்தால் முடியும். ஆனால் மில்லி, தான் மூடிய பழைய புகார்களை எல்லாம் எடுத்துக்கொண்டு விடியற்காலைகளில் வீடு வீடாகப் போய் அளந்துகொண்டிருக்கிறார். யாரும் போகச் சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டுக்கும் வெளியே வருவதில்லை. நான் எழுதிய வாக்கியத்துக்கான தண்டனையை அவர் அனுபவிக்கிறார்.

இன்று வியாழக்கிழமை. முதல் ஏழு பகுதிகளையும் கையெழுத்துக்குப் போகும் அறிக்கைகளுக்கு அடியில் வைத்து மூன்றரை மணிக்கு அவர் மேசைக்கு அனுப்பினேன். எங்கள் இருவர் மேசைக்கும் நடுவில் பலகைத் தடுப்புதான். தாள் புரளும் சத்தமும் பேனாச் சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தன. பேனாச் சத்தம் நின்று கொஞ்ச நேரம் ஆகிறது.

அவர் நேரே மேலாளரிடம் போகலாம். என் முன்னால் வந்து உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்கலாம். ஒன்றும் பேசாமல் மீட்டரை எடுத்துக்கொண்டு போகலாம். மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் நான் கடைசியில் கொஞ்சம் நல்லவனாகிவிடுகிறேன்.

நாற்காலி நகர்கிறது. அவர் எழுந்துவிட்டார்.

என்ன சொன்னார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை என்னிடம் மட்டும் கொடுக்க வேண்டாம். நான் ஏதாவது சேர்த்துவிடுவேன்.