ஆயிரமாவது பெட்டி

கழகத் தலைவர் கோர்டி லிண்டால் ஒலிபெருக்கியை இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார். லூன் ஏரிக் கரையில் நின்றிருந்த கூட்டம் ஒரு வேனில் அடங்கிவிடும். சாதாரணமாகத் தும்மினாலே கடைசி ஆளுக்குக் கேட்கும். ஆனாலும் ஒலிபெருக்கி. அவருடைய ஆரஞ்சு மேலங்கி முழுக்கப் பதக்கங்கள். எந்தப் போரிலும் வாங்கியவை இல்லை, எல்லாம் தபாலில் வரவழைத்தவை.

"நம்மை விட்டுப் பிரிந்த ரினே டுவெய்ட் அவர்கள் இந்தப் பூங்காவில் ஒளித்து வைத்த கடைசிப் பெட்டியை, இன்று முதல் நம் கழகமே தத்தெடுத்துக்கொள்கிறது."

கைதட்டினார்கள். எல்லோரும் கையுறை போட்டிருந்ததால் அது யாரோ தலையணையைத் தட்டுவது மாதிரி இருந்தது.

ரினே என் மனைவி. மார்ச்சில் போனாள். இப்போது அக்டோபர் கடைசி. துக்கம் அலையலையாக வரும் என்று தேவாலயத்தில் சொன்னார்கள். வந்ததெல்லாம் துக்க வீட்டுக்கென்று அக்கம்பக்கத்தார் சமைத்துக் கொண்டுவந்த, மூடி போட்ட ஹாட்டிஷ் பாத்திரங்கள்தான். உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியுமாகத் தின்று தீர்த்து, பாத்திரங்களைக் கழுவி, அடியில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்து அந்தந்த வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். அலை எதுவும் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்குமே, ஏழு மாதமாக அப்படித்தான்.

கழகத்தார் ஆடுகிற இந்தப் பெட்டி தேடும் ஆட்டம் அவளுடையது. ஒருவர் காட்டில் ஒரு பெட்டியை ஒளித்துவிட்டு, இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் கைபேசியை ஏந்திக்கொண்டு போய்த் தேடி, உள்ளே இருக்கும் தாளில் பெயரெழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார்கள். கைபேசி பத்துப் பதினைந்தடி வரைதான் கொண்டுவிடும், மிச்சத்தைத் துழாவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். புதையல் கிடையாது. அதிர்ஷ்டமிருந்தால் ஒரு பிளாஸ்டிக் டைனோசர். வளர்ந்த மனிதர்கள் இதற்காக முட்புதருக்குள் போய் உண்ணி கடி வாங்கி வருவார்கள். அவள் தேடுகிற நேரமெல்லாம் நான் காரில் உட்கார்ந்து ரேடியோவில் பேஸ்பால் கேட்பேன். போன இலையுதிர்காலத்தில் இந்தக் கடைசிப் பெட்டியை வைத்துவிட்டு வந்தபோது, "எங்கன்னு சொல்ல மாட்டேன். ஒரு தடவையாவது நீயா எறங்கி வந்து தேடு" என்றாள். குளிர்காலம் போகட்டும் என்றேன். குளிர்காலம் அவளையும் கூட்டிக்கொண்டு போனது.

அந்தப் பெட்டி எனக்கு வேண்டியிருந்தது. அவள் கையால் கடைசியாக ஒளித்த பொருள். அதைத் திறந்தால் ஏதாவது ஆகும் என்று எனக்கு ஒரு எண்ணம். அழுகையோ, ஆத்திரமோ, எதுவானாலும் சரி.

கோர்டி ஊர்வலமாக எங்களை மரங்களுக்குள் நடத்திப் போனார். ஒரு பட்டுப்போன கட்டை முன்னால் நின்று, சிரமப்பட்டுக் குனிந்து, பொந்துக்குள் கையை விட்டு எடுத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

மாத்திரைக் குப்பி. மருந்துக்கடையில் தருகிற ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் குப்பி.

"இது இல்லையே" என்றேன்.

"இதேதான்ப்பா. மே மாசம் நான்தானே கண்டுபுடிச்சேன்? என்னோட ஆயிரமாவது பொட்டி! நீயும்தான் கேக் சாப்ட வந்தே."

சாப்பிட்டேன்தான். ஆனால் ரினே ஒளித்தது ராணுவத்தில் கழித்துப்போட்ட தோட்டாப் பெட்டி, இரும்பு. பச்சைப் பெயின்ட் அடித்து எங்கள் கராஜில் காய வைத்திருந்தாள். காரில் ஏற்றியதே நான். குப்பியைத் திருப்பிப் பார்த்தேன். ஒட்டியிருந்த சீட்டைச் சுரண்டியிருந்தார்கள், அரைகுறையாக. மிச்சமிருந்ததைப் படிக்க முடிந்தது: லிண்டால், கோர்டன். மூலத்துக்கு. இரவில் ஒன்று.

பக்கத்தில் நின்ற கழகத்து டார்லாவும், எட்டிப் பார்த்த மற்றவர்களும் படித்துவிட்டார்கள். தேடிக் கிடைக்காத இடத்தில் தானே ஒரு டப்பாவைப் போட்டுவிட்டுக் 'கண்டுபிடித்தேன்' என்று எழுதிக்கொள்வது இந்த ஆட்டத்தில் பிறன்மனை நாடுவதற்கு அடுத்த படி. வேறு ஊராக இருந்தால் சட்டையைப் பிடித்திருப்பார்கள். எங்கள் மினசோட்டாக்காரர்கள் அப்படியெல்லாம் செய்வதில்லை. எல்லோரும் திரும்பி ஏரியைப் பார்த்தார்கள். ஏரியில் பார்க்க ஒன்றுமில்லை. அதையே வெகு அக்கறையாகப் பார்த்தார்கள்.

"காத்து கெளம்பிடுச்சு போல" என்றார் ஒருவர்.

"ஆமாமா. ஹாட்டிஷ் ஆறிடும்" என்றாள் டார்லா. போகிற போக்கில், "தலைவரே, நீங்க மெதுவா வாங்க. உக்கார எடத்துல மெத்தை போட்டு வைக்கிறேன்."

அவர்கள் போனதும் கோர்டி அந்தக் கட்டைமேலேயே உட்கார்ந்தார். ஒலிபெருக்கியை மடியில் வைத்திருந்தார்.

"இணையத்துல போட்றாதப்பா, ஆர்லன்."

"ஏன் இப்படிப் பண்ணினீங்க?"

"ரெண்டு நாள் தேடினேன். சத்தியமா. யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சேன். அதுக்குள்ள கேக்குக்குச் சொல்லியாச்சு. க்ரீம்ல ஆயிரம்னு எழுதிட்டாங்க." மூக்கைத் துடைத்தார். "அவ பொட்டி இல்லாமப் போகக் கூடாதேன்னும்தான் போட்டேன்."

பின்பாதி பொய்யில்லை என்றுதான் தோன்றியது. கோபம் வருகிறதா என்று கொஞ்சம் காத்திருந்து பார்த்தேன். வரவில்லை.

"எந்திரிங்க. தேடலாம்."

"இப்பவா?"

"ஒங்களுக்கு ஆயிரம் வேணாமா?"

அவர் தேடுவது அந்த ஆட்டக்காரர்கள் எல்லோரும் தேடுகிற மாதிரிதான். முழங்காலிட்டு, விழுந்த மரத்தடியில், வேருக்கிடையில், சருகைக் கிளறி. கையில் கைபேசி இல்லாத நான் சும்மா நின்றேன். நின்றபோது ஒன்று உறைத்தது. இதை ஒளித்த வாரம் ரினேவால் குனிய முடியாது. வயிற்றில் தையல் போட்டிருந்தது. செருப்பைக்கூட நான்தான் மாட்டிவிட்டேன். கையையும் தோளுக்கு மேல் தூக்க மாட்டாள். இத்தனை கெட்டிக்காரர்கள் தரையைத்தானே துழாவியிருக்கிறார்கள்.

அவள் எனக்கு நெஞ்சு உயரம். அவள் தோள் உயரத்துக்குக் கையைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, குருடன் சுவரைத் தடவுகிற மாதிரி ஒவ்வொரு மரமாகத் தடவிக்கொண்டு போனேன். கரையோரம் ஒரு பழைய பாஸ்வுட் மரம், ஒரே அடிமரத்திலிருந்து மூன்றாகக் கிளைத்தது. மூன்றும் சேரும் கவட்டில் பட்டை ஒன்று சார்த்தியிருந்தது. அதன் பின்னால் விரல் இரும்பில் பட்டது. கைப்பிடி. பெயின்ட் அடித்தபோது ஓரத்தில் வழிந்து காய்ந்த சொட்டுகூட நகத்துக்குத் தட்டுப்பட்டது.

பெட்டியின் கொக்கிமேல் கட்டைவிரலை வைத்தேன். மேல்நோக்கி ஓர் அழுத்து. அவ்வளவுதான் வேலை. திறந்துவிட்டால் அவள் எனக்காக ஒளித்து வைத்தது வேறெதுவும் மிச்சமிருக்காது.

"ஏதாச்சும் கெடச்சுதா?" கோர்டி நாணலுக்குள்ளிருந்து கத்தினார். ஒலிபெருக்கியிலேயே.

"இல்ல" என்றேன். "நல்லாத் தேடுங்க."

"சரிப்பா, சரி."

ஆரஞ்சு மேலங்கி நாணலோரமாகவே நகர்ந்தது. முழங்கால் வரை சேறு. ஒவ்வொரு கட்டையாகப் புரட்டி, அடியில் எட்டிப் பார்த்து, திரும்ப இருந்தபடியே பதமாக வைத்துவிட்டு, அடுத்ததற்குப் போனார். போகப் போகச் சின்னதாகிக்கொண்டே போனார். நான் கையை எடுக்கவில்லை. உள்ளங்கை மரத்துப்போயிருந்தது. அதற்குக் கீழே இரும்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறிக்கொண்டிருந்தது.